இடது கை நகங்கள்

அழகு நிலையத்தில் அவளுக்குப் பெயர் 'சாம்பிள்'. வைத்தது ஓனரக்கா. புட்டிக்குள் இருக்கும் நகப்பூச்சின் நிறத்தை எந்தப் பெண்ணும் நம்புவதில்லை. ஒரு விரலில் பார்த்தால்தான் மனசு வரும். அதனால் அவளுடைய பத்து நகங்களும் கடையின் விளம்பரப் பலகை. நீளமாக, நுனி குவிந்து, விரலுக்கு ஒரு நிறம். "சாம்பிள், கையைக் காட்டு" என்று ஓனரக்கா குரல் கொடுத்தால் போதும், வேலையை விட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து நீட்டுவாள். அதற்காகவே ஜன்னலோர நாற்காலி அவளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வெளிச்சமும் காற்றும் வரும் நாற்காலி அது ஒன்றுதான்.

வம்பு வீட்டில் ஆரம்பித்தது. அழுது அடம்பிடித்து கிடார் வாங்கிய மகள், முதல் பாட்டு முடிவதற்குள் வகுப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். கிடார் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது.

"விரல் வலிக்குதும்மா. எனக்கு வரலை."

"அடி மேல அடி வெச்சா அம்மியும் நகரும்டி."

"அம்மி நகரும். என் விரல் நகர மாட்டேங்குதே! சொல்றவங்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகுது? நீ ஒரே ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டு. நான் மறுபேச்சு பேசாம க்ளாஸுக்குப் போறேன்."

"வாக்கு மாற மாட்டியே?"

"மாற மாட்டேன். ஆனா நீதான் எதையுமே கத்துக்கிட்டது இல்லையே."

பதின்மூன்று வயதுக்காரி அதை யோசித்துச் சொல்லவில்லை. ஆனாலும் தைத்துவிட்டது. பாத்திரம் கழுவும்போதும் அதே நினைப்பு. நகவேலை கற்றுக்கொள்ளவில்லையா? கற்றாள். அந்தக் கடையில் ஆள் தேவைப்பட்டது, இவளுக்கு வேலை தேவைப்பட்டது, கற்றாள். தானாக ஆசைப்பட்டு எதையாவது? குழாயை மூடிவிட்டு நின்று யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் மாலை கிடாரை வெளியே எடுத்துத் தூசு தட்டினாள். மகளின் வகுப்புப் புத்தகத்தில் முதல் பாட்டு, கரைக்கு வரும் ஒரு படகைப் பற்றிய குழந்தைப் பாட்டு. கம்பிகளில் விரல் வைக்க இரண்டே பிடிகள்: ஒன்றுக்குப் பெயர் 'டி', இன்னொன்றுக்கு 'ஏ செவன்'. முதலாவதற்கு மூன்று விரல், அடுத்ததற்கு இரண்டு விரல். பார்க்க என்னவோ சுலபம்தான். ஆனால் விரலை நிமிர்த்திக் கம்பியை அழுத்தினால் சதை படுவதற்கு முன்னே நகம் கட்டையில் போய் முட்டியது. விரலைப் படுக்கவைத்தால் பக்கத்துக் கம்பியின் வாயையும் சேர்த்து அடைத்தது. நாதம் வர வேண்டிய இடத்தில் 'டப் டப்' என்றது.

வேன் ஓட்டிவிட்டு வந்து காலை நீட்டிப் படுத்திருந்த புருஷன் தலையைத் தூக்கினான். "கதவைத் தட்டுறாங்க பாரு."

"உங்க காதைத்தான் தட்டணும்" என்றாள்.

கொஞ்ச நேரம் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகவெட்டியை எடுத்துவந்து ஒவ்வொன்றாக வெட்டினாள். பழைய பேப்பரில் ஐந்து நிறத்தில் ஐந்து பிறைகள் விழுந்தன. அடுத்த முறை கம்பி 'டிங்' என்றது. ஒரே ஒரு கம்பிதான். ஆனாலும் அவள் பிடித்தது, அவள் எழுப்பியது.

"இது என்னடி கோலம்?" என்றாள் ஓனரக்கா காலையில். "ஒரு கை மகாராணி, ஒரு கை வேலைக்காரியா?"

"கிடார் கத்துக்கிறேன்க்கா."

"இந்த வயசுலயா? கச்சேரிக்கா போகப்போறே? கஸ்டமர் உன் கையைப் பார்த்துத்தானே உக்கார்றாங்க." திட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். "நகம் வளர்ற வரைக்கும் பின்னாடி போ. வளர்ந்ததும் ஜன்னல் நாற்காலி உனக்குத்தான்."

பின்னாடி என்றால் கால் கழுவும் இடம். குனிந்த முதுகு, வெந்நீர் ஆவி, யார் யாருடைய குதிகால் வெடிப்போ. கம்பி அறுத்த விரல்நுனிகளில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் பட்டால் கண்ணில் நட்சத்திரம் தெரிந்தது. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஒரு டாக்டரம்மாவின் பாதத்தைப் பிடித்துவிடும்போது இடது விரல்கள் தானாக 'டி' பிடித்து 'ஏ செவன்' பிடிக்குத் தாவின.

"என்னம்மா, கால்ல தந்தி அடிக்கிறே?"

"ரத்த ஓட்டத்துக்கு நல்லதுங்க" என்று சமாளித்தாள்.

மாலையில் அவள் வாசிக்க உட்கார்ந்தால் மகள் எதுவும் காதில் விழாதது போலக் கணக்குப் போடுவாள். வலித்தால் அம்மா தானே விட்டுவிடுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். அம்மா விடுகிற வழியாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாம்பிள் கிடாரோடு மகளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "பார்த்துக்கோ. முழுப் பாட்டு."

முதல் வரி வந்தது. பிடி மாற்ற வேண்டிய இடத்தில் கை நின்றது. விரல்கள் இடம் தேடின.

"படகு நடு ஆத்துலயே நிக்குதும்மா" என்று மகள் சிரித்தாள். சிரித்தவள் அந்தக் கையை அப்போதுதான் உற்றுப் பார்த்தாள். மொட்டை நகங்கள். சிவந்து தடித்த நுனிகள். "நகம் எங்கேம்மா? கடையில ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாமலா?" என்றான் புருஷன் செய்தித்தாளுக்குள்ளிருந்து. "உங்கம்மா இப்ப ஜன்னல் சீட்டுல இல்ல. கால் கழுவுறா."

மகளுக்குச் சிரிப்பு நின்றது. சாம்பிள் அவளைப் பார்க்காமல் மறுபடி முதல் வரியைத் தொடங்கினாள். இந்த முறை மகளும் மெல்லப் பாடினாள். பிடி மாறும் இடத்தில் கடைசி எழுத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அம்மாவின் விரல்கள் உட்காரும் வரை காத்திருந்தாள். அப்படியே ஒவ்வொரு வரியாகத் தள்ளித் தள்ளி, படகு கரைக்கு வந்து சேர்ந்தது.

"சரி, தோத்துட்டேன். சனிக்கிழமை க்ளாஸுக்குப் போறேன்" என்று மகள் கிடாருக்குக் கை நீட்டினாள்.

சாம்பிள் கொடுக்கவில்லை. "இரு, இன்னொரு தடவை."

"பந்தயம் முடிஞ்சிருச்சும்மா! நகத்தை வளர்த்து உன் சீட்டுக்குப் போ."

அவள் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். நகங்கள் லேசாக எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. ஜன்னலும் வெளிச்சமும் ஞாபகம் வந்தன, முதுகு வலியும்தான்.

"சனிக்கிழமை நீ எடுத்துட்டுப் போ. மத்த நாள் எனக்கு" என்றாள். "அந்த நகவெட்டியை எடு."

மகள் எடுத்துவந்தாள். கொடுக்காமல், அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தானே வெட்டத் தொடங்கினாள்.

"கோணலா வெட்டாதடி, என் தொழிலுக்கே அவமானம்."

"ஆடாதம்மா."