லாண்டரி மாடிச் சாக்குக்காரி

சாக்குக்காரிக்கு நான் கடன்பட்டிருந்தேன். கீரை வாங்கிய வகையில் ஆறாயிரத்து நானூறு. யாரிடமும் கைநீட்டாமல் மேலே வந்த நான், எல்லை தாண்டி ஓடி வந்த ஒரு பொம்பளைக்குப் பணம் பாக்கி வைத்தேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் காதிலேயே அது இன்னும் சரியாக விழவில்லை.

அவளைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் என்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அவள் எவ்வளவு பெரிய ஆளோடு மோதினாள் என்பது உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கினேன். தூக்கிய காசில் கால்வாய் ஓரத்துச் சேற்று நிலத்தை வாங்கினேன். சந்தையே சிரித்தது. தலையில் மண் சுமந்து கொட்டி அதைத் தோட்டமாக்கினேன். ஆலைக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளர் விடுதியில் அத்தனை பேர் தட்டிலும் தினமும் விழும் கீரை என்னுடையது. இந்தப் பக்கத்தில் கீரைக்காரர் என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரன் நேராக என் வாசலில் கொண்டுவந்து இறக்குவான்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அவள் வேலை கேட்டு வந்தாள்.

அவள் ஊரில் சண்டை மூண்டு, தோட்டமும் வீடும் எரிந்து, புருஷனும் மகளுமாக அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தவர்கள். வெளியில் ஒரு தொழில் இருக்கிறது என்று காட்டினால் முகாமுக்கு வெளியே தங்கலாம் என்பது சட்டம். என் தோட்டத்துக்கு எதிரே இருக்கும் லாண்டரியில் புருஷனுக்குத் துணி மடிக்கும் அரைநாள் வேலை கிடைத்தது. அது தொழிலாகாது என்று முகாம் அதிகாரி சொல்லிவிட்டார். அதனால் இவள் களை பிடுங்க வந்தாள். நல்ல வேலைக்காரி, அதை மறுக்கவில்லை. ஆனால் மறுநாளே வாயைத் திறந்தாள்.

"அண்ணே, கால்வாய்ப் பக்கம் பாத்தி தாழ்வா கிடக்கு. மழை வந்தா மொதல்ல அதுதான் முங்கும்."

"ஏம்மா, இந்த மண்ணு மொத்தமும் நான் தலையில சுமந்து கொட்டினது. எனக்கே சொல்லித் தர்றியா?"

"சுமந்தீங்க சரி. கொஞ்சம் முன்னாடியே நிறுத்திட்டீங்க."

பாத்தியில் இருந்த மற்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கே கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். போகும்போது வெட்கமே இல்லாமல், "பழைய உரச்சாக்கு கிடந்தா குடுங்கண்ணே" என்றாள். கொட்டகையில் குப்பையாகக் கிடந்த சாக்குகளை அள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். சும்மாதான் கொடுத்தேன். அவள் பிற்பாடு ராணி மாதிரி நிமிர்ந்து நின்ற தோட்டம் என் சாக்கில் நின்றது என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

கொஞ்ச நாளில் லாண்டரி மாடியில் அந்தச் சாக்குகள் எழுந்து நின்றன. மண்ணும் எருவும் நிரப்பி நிமிர்த்தி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு நாற்று. என் தோட்டத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் உடம்பெல்லாம் பச்சை முடி முளைத்த குண்டு ஆசாமிகள் வரிசையாக நின்று என்னைக் குனிந்து பார்ப்பது போல இருக்கும். அந்தத் தெருவே "சாக்குக்காரி, சாக்குக்காரி" என்று கூப்பிட ஆரம்பித்தது. எனக்குக் கீரைக்காரர் என்று பெயர் வர எத்தனை காலம் பிடித்தது! இவளுக்கு ஒரு கோடைகாலம் போதும் என்று ஆகிவிட்டது.

அந்தக் கோடையும் சாதாரணக் கோடை இல்லை. குழாயில் தண்ணீர் வருவது அபூர்வம். நண்பகலில் என் பாத்தி மண்ணைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. கீரை வளர்வதற்கு முன்னால் பூத்துத் தொலைத்தது, வாயில் வைத்தால் கசப்பு. மேலே பார்த்தால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. லாண்டரியில் துணி அலசிய கடைசித் தண்ணீரை, சோப்பு அடங்கிய தண்ணீரை, மணலும் கரியும் போட்ட பீப்பாயில் விட்டு வடிகட்டிச் சாக்குகளுக்கு ஊற்றினாள். கேட்பாரில்லாமல் கிடந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கயிற்றில் இழுத்துக் கட்டி நிழல் போட்டாள். ஊரார் மறந்துவிட்டுப் போன விரிப்புக்கு அடியில் அவள் கீரை சுகமாகப் படுத்திருந்தது. எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

கோடை போய் மழை வந்தது. மூன்றே நாள் மழை. கால்வாய் பொங்கி என் தோட்டத்துக்குள் வந்தது. எந்தப் பக்கம் முதலில் மூழ்கியது என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

முழங்கால் தண்ணீரில் நின்று பார்க்கிறேன், ஒரு கட்டுக் கீரை தேறாது. காலையில் விடுதிக்குக் கீரை போகவில்லை என்றால் லாரியில் காய்கறி கொண்டுவரும் வியாபாரி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வான். கையில் இருந்த பணமெல்லாம் விதையாகவும் எருவாகவும் தண்ணீருக்குள் போய்விட்டது. நான் போகவில்லை. என் வீட்டுக்காரியை மாடிக்கு அனுப்பினேன். "விடுதிக்காரங்க குடுத்ததும் குடுக்கிறோம்னு சொல்லு."

கூடை கூடையாகக் கீரை வந்தது. தினமும் வந்தது. என் தோட்டத்தில் தண்ணீர் வடிந்து புது விதை முளைக்கிற வரைக்கும் வந்தது. நான் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் விடுதியில் இறக்கினேன். அங்கே சமையல் மாஸ்டர் ஒரு தண்டைக் கிள்ளி வாயில் போட்டார்.

"பெரியவரே, இத்தனை வருஷத்துல இப்பதான் கீரை கீரையா இருக்கு. என்ன பண்ணீங்க?"

"உழைப்புதான்" என்றேன். யார் உழைப்பு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெளியே வந்து காலிக் கூடையைச் சைக்கிளில் ஓங்கி அடித்துக் கட்டினேன். என் கீரையைத் தின்று வளர்ந்த வாய் அது!

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. "அவ கீரை வெந்த பிறகும் பச்சையாவே இருக்குங்க" என்றாள் என் வீட்டுக்காரி, குழம்புக் கரண்டியைத் தூக்கிக் காட்டி.

"அப்ப நம்ம கீரை?"

கொஞ்சம் யோசித்தாள். "நம்ம கீரையும் கீரைதான்."

அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

விடுதிப் பணம் வந்தது. நான் சாக்குக்காரிக்குக் கொடுக்கவில்லை. வெள்ளத்தில் வேலி போயிற்று, வரப்பு போயிற்று என்று சொன்னேன். போனது நிஜம்தான். ஆனால் காரணம் வேறே. மாடிக்குத் தண்ணீர் இறங்காத பூச்சு பூசியதில் லாண்டரிக்காரருக்குப் பெரிய செலவு. அடுத்த வருஷத்துக்கு மாடி வேண்டும் என்றால் முன்பணம் வை என்று அவளிடம் கேட்டிருந்தார். என் காதுக்கு அது வந்தது. நான் நேராகப் போய், அவள் கொடுப்பதற்கு மேலேயே தருகிறேன் என்றேன்.

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "மொதல்ல கேட்டது அந்தம்மா. ஒன்னாம் தேதி சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். வரலைன்னா மாடி உங்களுக்கு."

அவள் கொடுக்க வேண்டிய முன்பணம் என் இடுப்புப் பையில் இருந்தது. அது அங்கேயே இருந்தால் மாடி என்னுடையது. வியாபாரத்தில் இது ஒன்றும் புதிது இல்லை. சந்தையில் எனக்கு இதைவிட மோசமாகச் செய்தவர்கள் உண்டு.

மாடி கைக்கு வருவதற்குள் வேலை பழகிவிடலாம் என்று நானும் என் முற்றத்தில் சாக்குகளை நிறுத்தினேன். பார்த்துப் பிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் போட்ட மாதிரியே ஓட்டை, அவள் நட்ட மாதிரியே நாற்று. என் எரு அவள் எருவைவிட உசத்தி. ஆனால் மேல் வரிசை நாற்று அழுகிற்று, கீழ் வரிசை காய்ந்தது. இன்னும் தண்ணீர் ஊற்றினேன். மேலே குட்டையாக நின்று, சாக்கின் விளிம்பு வழியாக வழிந்து என் காலில் ஊற்றிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் பணம் கேட்டு வந்தாள். வந்தவள் கேட்டைத் தாண்டி நின்று முற்றத்தைப் பார்த்தாள்.

"இதெல்லாம் என்னண்ணே?"

"சாக்கு."

"அது தெரியுது. உள்ள என்ன?"

"மண்ணு. வேற என்ன, தங்கமா வைப்பாங்க?"

"வெறும் மண்ணா!" இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "பணத்தைக் குடுங்க, எப்படின்னு சொல்றேன்."

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"தெரியலைன்னு உங்க நாத்தே சொல்லுதே."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அண்ணே, விளையாட்டு இல்ல. மாடி போச்சுன்னா எனக்குத் தொழில் போச்சு. தொழில் போனா மூணு பேரும் திரும்ப முகாம்தான். ஒன்னாம் தேதிக்குள்ள குடுத்துடுங்க." பதிலுக்கு நிற்காமல் தெருவைக் கடந்து போய்விட்டாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்றாம் தேதி வந்தது. மத்தியானத்துக்கு மேல் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு கிளம்பினேன். முற்றத்தில் என் வீட்டுக்காரி அரிவாளோடு நின்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு சாக்கை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். மேலே சேறு. கீழே காற்றில் பறக்கிற தூசி.

"இந்த லட்சணத்துல மாடியையும் வாங்கி என்ன பண்ணப் போறீங்க? துணி காயப் போடப் போறீங்களா?"

நான் மாடி கேட்டது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. லாண்டரிக்காரர் வாய் அப்படி.

"நடுவுல கல்லு வேணும்" என்றாள். "ரெண்டு பக்கமும் வெட்டின பெரிய டின்னைச் சாக்கு நடுவுல வைக்கணும். டின்னுக்குள்ள சல்லி, சுத்தி மண்ணு. ரொம்பினதும் டின்னை மேல இழுத்து, மறுபடி சல்லி, மறுபடி மண்ணு. தண்ணி அந்தக் கல்லு வழியா அடி வரைக்கும் இறங்கும். நிரப்பி முடிச்ச பிறகு தெருவுல நின்னு பார்த்தா அது எங்க தெரியும்?"

"உனக்கு யார் சொன்னது?"

"நான்தானே அவகூட நின்னு நிரப்பினேன். நீங்க விடுதிக்குப் போற நேரமெல்லாம் நான் மாடியிலதான்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே." அரிவாளைச் சுவரில் செருகினாள். "அங்க ரெண்டு சாக்கு என்னோடது. மாடியை வாங்கினீங்கன்னா என்னையும்தான் காலி பண்ணச் சொல்லணும்."

எனக்கு அப்போது வந்த ஆத்திரம் சாக்குக்காரி மேலா, இவள் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் தோட்டத்தில் ஒரு நாற்று நட வா என்றால் இடுப்பு வலிக்கிறது என்பாள்! அங்கே போய்ச் சல்லி அள்ளியிருக்கிறாள்!

கேட்டில் கை வைத்தபடி நின்றேன். மாடியை வாங்கலாம். சாக்குகளைச் சாக்குக்காரி இறக்கிக்கொண்டு போவாள். காலி மாடியில் நான் நிற்பேன். அடுத்த மழைக்கு என் பாத்தி மறுபடி மூழ்கும், விடுதிக்கு லாரிக்காரன் கீரை போடுவான். சாக்குக்காரியோ முகாமில் உட்கார்ந்து, "அங்க ஒரு கீரைக்காரர், ஆறாயிரத்துக்காக மறைஞ்சு திரிஞ்சார்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அவள் வாய் எனக்குத் தெரியும். லாரிக்காரன் வந்தால்கூடச் சமாளிப்பேன். அந்தப் பேச்சை எப்படிச் சமாளிப்பது? அதோடு, அவள் போய்விட்டால் அவளைவிட நல்ல கீரை போட்டு நான் யாரிடம் காட்டுவது?

லாண்டரிப் படியில் ஏறினேன். அதுவரை அந்த மாடியில் நான் கால் வைத்ததில்லை. ஈரத் துணி வாசனையும் எரு வாசனையும் கலந்து அடித்தது. விரிப்பு நிழலில் குளிர்ச்சி. கீழிருந்து பார்த்ததைவிடச் சாக்குகள் உயரம். தக்காளி ஒரு பக்கம், கத்தரி ஒரு பக்கம், மற்றதெல்லாம் கீரை. என் வீட்டுக்காரியின் சாக்கு எது என்று சொல்லாமலே தெரிந்தது, எங்கள் வீட்டு மிளகாய் அதில் காய்த்திருந்தது. எங்கள் வீட்டில் அது காய்த்ததே இல்லை.

லாண்டரிக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். சாக்குக்காரி ஒரு புதுச் சாக்கின் நடுவில் டின்னைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நிறுத்தினாள். என் பின்னாலேயே வீட்டுக்காரி ஏறி வந்துவிட்டாள்.

"என்னண்ணே, மாடியைப் பார்க்க வந்தீங்களா?"

"கடனைக் கொடுக்க வந்தேன்" என்றேன், கீழே தெருவுக்கும் கேட்கிற மாதிரி. "இந்தக் கீரைக்காரன் யாருக்கும் பாக்கி வைக்கிற ஆள் இல்ல. கையை நீட்டு."

புடவையில் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். விரல் இடுக்கில் மண் ஒட்டியிருந்தது. நான் ஒவ்வொரு நோட்டாகச் சத்தம் போட்டு எண்ணி வைத்தேன். ஐயாயிரம் ஆயிற்று. ஆறாயிரம் ஆயிற்று. நிறுத்தினேன்.

"மிச்சம் நானூறு, நான் கொடுத்த சாக்குக்கு."

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. லாண்டரிக்காரர் வானத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வீட்டுக்காரி தொண்டையைக் கனைத்தாள்.

பைக்குள் மறுபடி கையை விட்டேன். நூறு. இருநூறு. முந்நூறு. கடைசி நோட்டைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தேன். நானூறு.