அவுரு சொல்றாரு

வண்டி எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றினால் பட்டம்மாள் அதை முதலில் தான் பார்க்கமாட்டாள். சூடு ஆறுவதற்குள் கந்தலில் பிடித்துக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகியபடி நாலு எட்டு நடந்து, ஷெட்டின் மூலையில் மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புருஷனின் முகத்துக்கு நேரே நீட்டுவாள். "பாருங்க. சரியா இருக்குதா?" இளங்கோவன் பார்ப்பார். ஒரு 'ம்' வந்தால் சரி. இரண்டு 'ம்' வந்தால் சரியில்லை. அதற்குப் பிறகுதான் வண்டிக்காரர் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் பெட்ரோல் கேக்குதுன்னு அவுரு சொல்றாரு" என்றோ, "போதும்ன்றாரு, எடுத்துக்கினு போங்க" என்றோ தீர்ப்புச் சொல்வாள்.

செவிலிமேட்டிலிருந்து பாலாற்றுப் பாலத்துக்குப் போகிற சாலையில் இருக்கிறது அந்தத் தகரக் கொட்டகை. டூ ஸ்ட்ரோக் வண்டிகள் மட்டும்தான் பார்ப்பார்கள். நான் பாங்கில் குமாஸ்தா. என் ஸ்கூட்டர் கழுதைக் குணம் கொண்டது. இஷ்டமிருந்தால் ஓடும், இல்லாவிட்டால் நடுரோட்டில் நிற்கும். பதினோரு வருஷமாக அதைத் தள்ளிக்கொண்டு இங்கே வருகிறேன். முதல் ஒன்பது வருஷம் இளங்கோவன் பார்த்தார். 2001 ஆடியில் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போயிற்று. பதினைந்து நாள் கொட்டகை பூட்டிக் கிடந்தது. பதினாறாம் நாள் திறந்தபோது காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு பட்டம்மாள் நின்றாள். ஐந்தடிக்கும் குறைவான உயரம். கிக்கரை உதைக்கச் செங்கல் போட்டு அதன்மேல் ஏறிக்கொள்வாள்.

எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று நானும் எல்லோரையும் போல அசட்டுத்தனமாகக் கேட்டேன். இருபது வருஷம் மதியச் சோறு கொண்டுவந்து, அவர் தின்று முடிக்கிறவரை சும்மாவா குந்திக்கினு இருந்தேன் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் பட்டு இழைக்கப் போனவள். விரலில் அந்தப் பதம் இன்னும் இருக்கிறது. கார்ப்பரேட்டர் திருகை அரைக்கால் சுற்றுத் திருப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

வாய் கொஞ்சம் நீளம். எஞ்சின் சூடேறுவதற்குள் முறுக்குகிறவர்களைக் கண்டால் ஆகாது. தூங்கி எழுந்தவனை முடியைப் பிடித்து இழுத்து ஓடச் சொல்வாயா என்று கேட்பாள். நான் எண்ணெய் ஊற்றுவதில் சிக்கனம் பிடிக்கிறேன் என்பதை நாலு பேர் எதிரில் சொல்லிக் காட்டியிருக்கிறாள். உண்மைதான், என்ன செய்ய. பெட்ரோலில் கலக்கும் எண்ணெயை அவள் அளப்பது குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில். அதேபோல இன்னொரு பாலாடை சுவரோரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். இளங்கோவனுக்குக் கஞ்சி புகட்ட. "ரெண்டும் மாறிப்போச்சின்னு வைங்க சார், அவுரு எழுந்து ஓடிடுவாரு, வண்டி படுத்துத் தூங்கிடும்" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

2003 தை மாதம் அந்த நண்டு வண்டி வந்தது. தெரு வைத்த பெயர் அது. நாலு தடித்த டயர், நடுவில் குதிரைச் சேணம் மாதிரி ஒரு ஸீட், மோட்டார் சைக்கிள் ஹாண்டில்பார், அடியில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். சின்ன காஞ்சிபுரத்து ராம்ப்ரஸாத் அமெரிக்காவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு, வீட்டுச் சாமான்களோடு இதையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். தாமல் ஏரிக்குப் பக்கத்தில் சவுக்குத் தோப்பு வாங்கியிருக்கிறான்; மரங்களுக்கு நடுவே ஓட்டவேண்டும் என்று ஆசை. ஆனால் வண்டியோ வெட்டவெளி மணல்மேட்டில் பறப்பதற்காக அமைத்தது. தோப்பில் இரண்டு மரத்துக்கு நடுவே நுழையவில்லை. மெதுவாகப் போனால் இருமி நின்றுவிடுகிறது, கொஞ்சம் முறுக்கினால் மரத்தைப் பார்த்துப் பாய்கிறது. சென்னையில் இரண்டு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

காலேஜ் நாளில் அவனுடைய பைக்கை இளங்கோவன்தான் பார்த்தாராம். அண்ணன் கை பட்டால் போதும் என்று நேரே இங்கே வந்துவிட்டான். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். ஊர் விட்டுப் போனவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பட்டம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மூள அவுருது, கை என்னுது. வுட்டுட்டுப் போங்க தம்பி."

அடுத்த மூன்று வாரமும் பாங்க் விட்டதும் நான் அங்கேதான். ஸ்கூட்டரில் ஏதோ சத்தம் என்று ஒரு பொய். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான். முதல் காரியமாக அவள் வண்டியைத் தொடவேயில்லை. சணல் கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தாமலுக்குப் போனாள். தோப்பு முழுக்க நடந்து, இருப்பதிலேயே நெருக்கமான இரண்டு மரத்துக்கு நடுவே கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தாள். வண்டியின் குறுக்கே அந்தக் கயிற்றைப் பிடித்தால் ஒரு சாண் போதவில்லை. சக்கரங்களை உட்பக்கமாகத் திருப்பி, அச்சில் இருந்த கட்டைகளை எடுத்துக் குறுக்கினாள். முன்பல்சக்கரத்தை எடுத்துவிட்டு ஒரு பல் குறைந்ததாகப் போட்டாள். வேகம் போகும், இழுவை வரும். வயிறு பெருத்த பந்தயச் சைலன்சரைக் கழற்றிவிட்டு, வண்டியோடு தனிப் பெட்டியில் வந்திருந்த சாதுவான பழைய சைலன்சரை மாட்டினாள். கடைசல் பட்டறையில் கனமான இரும்பு வளையம் ஒன்று கடைந்துவந்து, எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற மேக்னட்டோடு சேர்த்துப் பூட்டினாள். அது எதற்கு என்றேன். ஏந்திரக் கல்லு கனமாக இருந்தால் கையை எடுத்த பிறகும் ஒரு சுற்றுச் சுற்றும் இல்லையா, அதுமாதிரி மெதுவாகப் போனாலும் எஞ்சின் நிற்காது என்றாள். ஸ்பிரிங்கைத் தளர்த்தினாள், டயரில் காற்றைப் பாதியாக்கினாள், சவுக்கு மிலாறு விரலைக் கிழிக்காமலிருக்க நீல பிளாஸ்டிக் டிரம்மை வெட்டி ஹாண்டில்பாருக்கு மறைப்புக் கட்டினாள்.

ஒவ்வொன்றையும் செய்யும் முன் அவரிடம் காட்டினாள். பல்சக்கரத்தை மடியில் வைத்தாள். இரும்பு வளையத்தை முகத்தருகே பிடித்தாள். "ம்." "அவுரு சரின்றாரு." எனக்கானால் உடம்பு புல்லரிக்கும். இப்படியும் ஒரு தம்பதியா, மூளை ஒருவருடையது, கை ஒருவருடையது என்று சர்க்கரைப் பாகாக ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று மனசுக்குள் தலைப்புகூட வைத்துவிட்டேன். மடையன்.

மூன்றாவது வாரக் கடைசியில் ராம்ப்ரஸாத் வந்திருந்தான். அன்று எஞ்சினுக்குப் பெட்ரோல் அளவு பார்க்கிற நாள். வண்டியை அவனையே பாலாற்று மணலில் ஓட்டவிட்டு, திரும்பி வந்ததும் பிளக்கைக் கழற்றினாள். பிளக்கின் நிறம் பார்ப்பது பற்றி எனக்கு அவள்தான் பாடம் நடத்தியிருந்தாள். வறுத்த தனியா நிறம் என்றால் சரி. தீய்ந்த தோசை மாதிரி கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், புகையும், அவ்வளவுதான். சுண்ணாம்பு மாதிரி வெள்ளை என்றால் பயப்பட வேண்டும். பெட்ரோலும் அதோடு கலந்த எண்ணெயும் போதாமல் எஞ்சின் காய்கிறது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது பிடித்தால் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். வாலாஜாபாத் சாலையில் எனக்கு ஒருமுறை அப்படி ஆகி, வயலில் போய் விழுந்தேன். வயல் என்பதால் பிழைத்தேன். தோப்பில் மரம்தான் இருக்கும்.

அவள் நீட்டிய பிளக் வெள்ளை வெளேரென்று இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"பாருங்க. சரியா இருக்குதா?"

இளங்கோவன் பார்த்தார். நிதானமாக, "ம்" என்றார். ஒரே 'ம்'.

நான் இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ராம்ப்ரஸாத் சந்தோஷமாகக் கையைத் தட்டினான். "அண்ணனே சரின்னுட்டாரு. அப்போ முடிஞ்சுது, நாளைக்கே எடுத்துக்கறேன்கா."

பட்டம்மாள் பிளக்கை நீட்டியபடியே நின்றாள். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. ஆம் என்றால் அந்தப் பிள்ளை போய் மரத்தில் மோதுவான். இல்லை என்றால் நாற்காலியில் இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அவள் குனிந்து, அவர் வாயருகே காதைக் கொண்டுபோய், ஏதோ கேட்கிறவள் போலத் தலையை ஆட்டினாள். பிறகு திரும்பினாள்.

"இல்ல தம்பி. வெள்ளையா இருக்குதாம், ஜெட்டு மாத்தணும்ன்றாரு. நாலு நாளு கயிச்சு வாங்க."

"சரின்னுதானே அக்கா சொன்னாரு?"

"அவுரு பாசை உனுக்குத் தெரியுமா, எனுக்குத் தெரியுமா?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அண்ணன் இன்னும் அதே கறார்தான் என்று என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான். அவள் வெற்றிலை டப்பாவைத் திறந்து, எஞ்சினுக்குப் போகிற பெட்ரோலை அளந்துவிடும் குண்டுமணி அளவுப் பித்தளை ஜெட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒன்றை எடுத்தாள். பூட்டினாள், எஞ்சினை ஓடவிட்டாள், பிளக்கைக் கழற்றினாள். மூன்றாவது ஜெட்டில் தனியா நிறம் வந்தது. அதையும் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள். "ம்" என்றார். அந்தக் கடைசி 'ம்'மைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் மறைக்கவில்லை. முதல் ஒரு வருஷம் அவருக்கு நன்றாகத் தெரிந்ததாம்; தப்பு நிறத்தைக் காட்டினால் இடது கையால் தட்டிவிடுவாராம். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் கறுத்த பிளக்குக்கும் ஒரே 'ம்' வந்தது. மறுநாள் வேண்டுமென்றே ஒரு ஆணியைக் காட்டினாளாம். அதற்கும் 'ம்'தான். இப்போது சில காலைகளில் அவளையே யாரோ என்று பார்க்கிறாராம். எல்லாவற்றையும் சொல்லும்போது கை நிற்கவில்லை; செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்புறம் எதுக்கும்மா தினம் கொண்டுபோய்க் காட்டறீங்க?"

"கேக்காத நானே செஞ்சிட்டா, அவுரு அங்க குந்திக்கினு இருக்கறது எதுக்கு சார்?"

வீட்டுக்கு ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனேன், உதைக்கத் தோன்றவில்லை. வழியில் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆம், இதில் வருகிற பெயர்கள் எதுவும் உண்மையில்லை, சாலையையும் மாற்றிவிட்டேன். படித்துவிட்டு யாரும் செவிலிமேட்டில் போய்த் தேடி அலையவேண்டாம்.

வெள்ளிக்கிழமை வண்டியை ஒப்படைப்பதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள் தோப்புக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார்கள். நண்டு வண்டி மரங்களுக்கு நடுவே பசுமாடு போவதுபோல நிதானமாகப் போயிற்று, ஒரு இடத்திலும் நிற்கவில்லை என்று ராம்ப்ரஸாத் பாங்குக்கே வந்து சொன்னான். மறுநாள் காலை அப்பாவையும் அழைத்துக்கொண்டு, தட்டில் வேட்டி, பழமெல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வரப்போகிறான். சாவியை அண்ணன் கையாலேதான் வாங்குவானாம். இந்தக் கை இல்லாவிட்டால் என் வண்டி இல்லை என்று நாலு பேர் எதிரில் சொல்லவேண்டுமாம். நல்ல பிள்ளை, குறை சொல்வதற்கில்லை.

அன்று எனக்கு லீவு. சீக்கிரமே போய்விட்டேன். கொட்டகை பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. இளங்கோவனைக் குளிப்பாட்டி, முகம் மழித்து, நெற்றியில் திருநீறு இட்டு, அவருடைய காக்கிச் சட்டையைப் பெட்டி போட்டு மாட்டிவிட்டிருந்தாள். வண்டியின் சாவியை எடுத்து அவருடைய இடது கையில் வைத்தாள். விரல்களை மடக்கிப் பார்த்தாள், விரித்தாள். அப்படியே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒன்றரை வருஷமாக ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாத கை. நகமெல்லாம் ரோஜா நிறத்தில், உள்ளங்கை வெளுத்து, என்னைப் போன்ற பாங்க் குமாஸ்தாவின் கையாகிவிட்டிருந்தது.

சாவியை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, பட்டம்மாள் கிரீஸ் டப்பாவை எடுத்துவந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். இரண்டு விரலில் வழித்து அவருடைய உள்ளங்கையில் தடவினாள். புறங்கையில் தேய்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாகப் பிடித்து, நகக்கண்ணில் கறுப்பு இறங்குகிறமாதிரி அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். இழுத்துக்கொண்ட வலது கையையும் விடவில்லை. அவர் குழந்தைபோலக் காட்டிக்கொண்டிருந்தார்.

பத்து விரலும் முடிந்தது. தெருமுனையில் கார் திரும்பும் சத்தம் கேட்டது. பட்டம்மாள் எழுந்து குழாயடிக்கு ஓடிப்போய், சோப்புத் தூளை அள்ளிப் போட்டுக்கொண்டு, தன் இரண்டு கையையும் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தாள்.