பதினைந்து நாள் கேட் பாஸில் வந்த இரண்டு குட்டிகள்

தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட யாருக்கும் மனசு வராது. காலையில் யாருடைய சரக்கையாவது ரிஜெக்ட் செய்துவிட்டுத்தான் அவர் சாப்பிட வந்திருப்பார். என்னைப் போல அந்தப் பிரிவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும். ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வரும் சரக்கைப் பரிசோதிக்கும் வேலை எனக்கு. இருபத்திரண்டு வருஷமாக அதையேதான் செய்கிறேன். லாரி வரும், சாம்பிள் எடுப்பேன், அளப்பேன். சரியாக இருந்தால் பச்சை அட்டை மாட்டி, பாகம் செய்யும் லைனுக்கு விடுவேன், இல்லையென்றால் சிவப்பு, முடிவு தெரியும் வரை மஞ்சள். என் சிவப்பு அட்டையை மாற்றச் சொல்லி பெரிய அதிகாரி வரைக்கும் போனவர்கள் உண்டு, மாற்ற வைத்தவர்கள் இல்லை.

அப்பேர்ப்பட்ட நான், வீட்டில் ஒரு கிழட்டுப் பூனை இருக்கும்போது இரண்டு குட்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யப் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்லப்போகிறேன். வயசான பூனை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் கூடுதல் அனுதாபத்தோடு படிக்கலாம்.

இன்வாய்ஸில் இல்லாத சரக்கு

ஒரு புதன்கிழமை காலையில் மத்தூர் பக்கத்திலிருந்து ரப்பர் வாஷர் ஏற்றிக்கொண்டு டெம்போ வந்தது. பக்கவாட்டில் வாய் பிளந்திருந்த ஓர் அட்டைப் பெட்டியைப் பார்த்ததும் பேக்கிங் சரியில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பெட்டிக்குள் ஏதோ நகர்ந்தது. என் அனுபவத்தில் வாஷர் தானாக நகர்ந்ததில்லை. மூடியைத் தூக்கினால் பாலிதீன் பைகளின் மேல் இரண்டு பூனைக்குட்டிகள். ஒன்று செவலை, ஒன்று சாம்பல் நிறம். செவலை என்னைப் பார்த்துச் சீறியது. சாம்பல் கொட்டாவி விட்டது.

கேட் செக்யூரிட்டி முனிராஜுவைக் கூப்பிட்டேன். தெலுங்குக்காரர், தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார். உள்ளே வரும் ஒரு ஆணியைக்கூட ரெஜிஸ்டரில் எழுதாமல் விடமாட்டார். குட்டிகளைப் பார்த்தார், இன்வாய்ஸைப் பார்த்தார், மறுபடி குட்டிகளைப் பார்த்தார். "ஏன்ட்டி மேடம் இதி? இதுல வாஷர் மட்டும்தான் போட்டிருக்குது. உசுரு இருக்கறத எழுத என் ரெஜிஸ்டர்ல கட்டமே இல்ல."

திருப்பி அனுப்பாதீங்க

இன்வாய்ஸில் இல்லாதது வந்தால் சப்ளையருக்குத் திருப்பி அனுப்புவதுதான் முறை. உடனே போன் போட்டேன். அந்தச் சப்ளையருக்கு என் நம்பரைப் பார்த்தாலே குரல் இறங்கிவிடும். விஷயத்தைச் சொன்னதும் பெருமூச்சு விட்டார். தாய்ப் பூனை பத்து நாளாகக் காணோமாம். பேக்கிங் செய்யும் பெண்கள்தான் பாலும் சோறும் வைத்து வளர்த்தார்களாம். இப்போது அங்கே குடோனுக்குக் காவலாக ஒரு நாயும் வந்துவிட்டதாம். போனை வைக்கும் முன் அந்த மனுஷர் சொன்னது இது: "நீங்க ரிஜெக்ட் பண்ணத எல்லாம் இத்தன வருசமா வாயத் தொறக்காம திருப்பி எடுத்துக்கினேன். இத மட்டும் ஓகே பண்ணிடுங்க மேடம்."

மஞ்சள் அட்டை

முடிவு தெரியாத சரக்கை வைக்க எங்கள் பிரிவில் கம்பி வலை போட்ட ஒரு மூலை உண்டு. குட்டிகளை அங்கே விட்டு, மஞ்சள் அட்டையையும் மாட்டினேன். ஸ்டோர்ஸில் வேலை செய்யும் மஞ்சுளா டீ வேளையில் தன் பங்குப் பாலைக் கொண்டுவந்து ஊற்றினாள். ஆனால் திங்கட்கிழமை கஸ்டமர் ஆடிட், எங்களிடம் பாகம் வாங்குகிறவர்களே வந்து மூலை மூலையாகப் பார்ப்பார்கள். வலைக்குள் பூனை இருந்தால் யாருக்கு என்ன பதில் சொல்வது?

மஞ்சுளா இரண்டே நாளில் ஏற்பாடு செய்துவிட்டாள். செவலை கல்லாவியில் அவள் அண்ணன் தோட்டத்துக்கு, சாம்பல் கான்டீன்காரரின் குடோனுக்கு. குட்டிகள் ஒன்றின் வயிற்றில் ஒன்று தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே, சாம்பலை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். மஞ்சுளாவுக்கு என் வீட்டு நிலவரம் தெரியும். "அக்கா, உங்க வீட்ல ஏற்கெனவே ஒரு மகாராணி இருக்கறாளே, அவகிட்ட கேட்டீங்களா?"

மகாராணி

அந்த மகாராணியின் பெயர் மிளகு. கறுப்பு, பன்னிரண்டு வயசு. என்னிடம் அதற்குப் பெரிய மரியாதை கிடையாது. அது என் வீட்டுக்காரரின் பூனை. நாலு வருஷத்துக்கு முன்னால் பைக்கில் போகும்போது அவருக்குக் கால் உடைந்து, மூன்று மாசம் கட்டிலில் கிடந்தார். எனக்கு லீவு இல்லை. காலையில் சோற்றை வைத்துவிட்டு ஷிப்ட்டுக்கு ஓடுவேன். அந்த மூன்று மாசமும் அவரோடு வீட்டில் இருந்தது மிளகுதான். கட்டுப் போட்ட காலில் ஒட்டிப் படுத்துக்கொண்டு இறங்கவே இறங்காது. அந்தக் கடன் எனக்குத்தான், அவருக்கு இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இப்போது அவர் வேறொரு கம்பெனியில் இரண்டாவது ஷிப்ட். காலையில் அவரும் மிளகும் வீட்டில், மாலையில் நானும் மிளகும். குட்டி விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். மிளகின் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "நீ யோசிச்சு எது செஞ்சாலும் எனக்கு சரி ரோஸி. இது சோறு திங்கறத நிறுத்தாம இருந்தா போதும்."

டாக்டர் கணக்கு

வெள்ளிக்கிழமை மாலை, இரவுக்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவதாக முனிராஜுவின் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூடையில் மிளகையும் அட்டைப் பெட்டியில் குட்டிகளையும் எடுத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனேன். குட்டிகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்தார். மிளகை எடை போட்டுச் சீட்டில் எழுதினார். வயசான பூனை இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் ஈரல் கெட்டுவிடும், உடனே கொண்டுவர வேண்டும் என்றார். குட்டிகளை முதலில் தனி அறையில் வைக்கவும் சொன்னார். தலையை ஆட்டினேன். இதெல்லாம் புதிதாகப் பூனை வளர்ப்பவர்களுக்குச் சொல்வது, எனக்கு இல்லை என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஒரு குட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், கிழவிக்குத் தொந்தரவு பாதியாகும் என்றேன். கன்னட வாடையோடு தமிழ் பேசுகிற அந்த டாக்டர் சிரித்துவிட்டார். "ஒண்ணு போனா அது நாளெல்லாம் உங்க கிழவி வாலத்தான் புடிச்சு இழுக்கும் அம்மா. ரெண்டும் போனா அதுங்களுக்குள்ளயே சண்டை போட்டுக்கும், கிழவி நிம்மதியா தூங்குவா."

திரும்பி வருமா, வராதா

எங்கள் கம்பெனியிலிருந்து எது வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். அதில் இரண்டு வகை. திரும்பி வரும் பொருளுக்கு ஒன்று, திரும்பி வராத பொருளுக்கு ஒன்று. சனிக்கிழமை மாலை முனிராஜு இரண்டு புத்தகத்தையும் என் முன்னால் வைத்தார். எனக்குத்தான் எதிலும் சந்தேகமே வராதே! ஆனாலும் கை தானாகத் திரும்பி வரும் புத்தகத்துக்குப் போனது. பதினைந்து நாளுக்குள் பொருள் திரும்ப வேண்டும், இல்லையென்றால் திரும்பி வராத பாஸாக மாற்ற வேண்டும். பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்ததால் திங்கள் காலை வரை தவணை. மஞ்சுளாவின் அண்ணனும் கான்டீன்காரரும் அதுவரை காத்திருப்பதாகச் சொன்னார்கள். பொருளின் விவரம் என்ற இடத்தில் 'பூனை, இரண்டு எண்ணிக்கை' என்று எழுதினேன். முனிராஜு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குட்டிகளை எண்ணிச் சரிபார்த்தார். "திரும்பி வரப்போ சைசு மாறி இருந்தா நான் உள்ள வுடமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன் மேடம்."

நேராக லைனுக்கு

வீட்டுக்குப் போனதும் பெட்டியை ஹாலின் நடுவில் வைத்துத் திறந்தேன். தனி அறையாவது ஒன்றாவது! செவலை சோபாவுக்குக் கீழே ஓடியது. சாம்பல் நேராக மிளகின் தண்ணீர்க் கிண்ணத்தில் காலை வைத்தது. மிளகு ஒரு சத்தம் போட்டது பாருங்கள், பன்னிரண்டு வருஷத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பீரோ மேல் ஏறி, அங்கிருந்து பரணுக்குத் தாவி, பழைய சூட்கேஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இறங்கவில்லை. தட்டை மேலே தூக்கி வைத்தேன், தொடவில்லை. மீன் வாங்கி வேகவைத்து நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறி அரைமணி நேரம் பேசிப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஆடிட் நடக்கும்போது என் கண் கடிகாரத்திலேயே இருந்தது. இன்று மாலையோடு டாக்டர் சொன்ன இரண்டு நாள் முடிகிறது. டீ வேளையில் மஞ்சுளாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஒரு பெட்டி வாஷரையே மூணு நாள் மஞ்ச அட்ட போட்டு நிறுத்தி வெப்பீங்களேக்கா, இத மட்டும் பரிசோதன இல்லாம நேரா லைன்ல ஏத்திட்டீங்களா?"

பனியன் வேஸ்ட்

அன்று மாலையே குட்டிகளைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். ஒரு மணி நேரத்தில் மிளகு பரணிலிருந்து இறங்கி, கொஞ்சமாக மீன் தின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் செருப்பைக் கழற்றினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி. மெஷின் துடைக்க வரும் பனியன் வேஸ்ட் துணியில் சுத்தமானதாக நாலு துண்டு வாங்கி வந்தேன். குட்டிகள் படுத்த துணியை மிளகின் இடத்தில் போட்டேன், மிளகு படுத்ததைக் குட்டிகளிடம் போட்டேன். முதல் நாள் மிளகு துணியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனது. நாலாம் நாள் அதன் மேல் தூங்கியது. அடுத்த வாரம் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, புதன்கிழமையிலிருந்து முழுவதும் திறந்துவிட்டேன். இதற்கிடையில் மிளகு எவ்வளவு சாப்பிடுகிறது என்று தெரிய வேண்டுமே. காலையில் தட்டில் வைப்பதையும் மாலையில் மிச்சமிருப்பதையும் சமையலறைத் தராசில் நிறுத்து, ஒரு சார்ட் போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். கதவு மூடியிருந்த நாட்களில் கோடு மெல்ல ஏறியது. கதவைத் திறந்த நாளிலிருந்து இறங்க ஆரம்பித்தது. வியாழன் பாதித் தட்டு, வெள்ளி கால் தட்டு. சனிக்கிழமை தொட்டதாகவே தெரியவில்லை.

என் வேலையில் தவணை முடிந்தும் சந்தேகம் தீராவிட்டால் சிவப்பு அட்டைதான். அந்தச் சனிக்கிழமை கம்பெனியை விட்டுக் கிளம்பும்போது அட்டைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். எதற்கு என்று முனிராஜுவுக்குப் புரிந்துவிட்டது. ரெஜிஸ்டரை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ரெண்டும் வேற வேற எடத்துக்குப் போகுதுன்னா தனித்தனிப் பெட்டி வேணும் மேடம். இன்னொண்ணு தரேன், எடுத்துக்கினு போங்க."

பதினோரு மணி

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை மேஜையில் உட்கார்ந்து, இரண்டு பெட்டியிலும் காற்றுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். காலைப் பலகாரம் செய்யவில்லை, செய்ய மனசே இல்லை. செவலை என் சேலை ஓரத்தைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட எனக்குக் கை வரவில்லை. பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் வழக்கம்போல் குட்டிகளுக்குத் தட்டு வைத்தார். அந்த நேரத்தில் எல்லா நாளும் நான் கம்பெனியில் இருப்பேன். நான் வீட்டில் இருந்த போன ஞாயிற்றுக்கிழமை குட்டிகள் பின்னறைக்குள் இருந்தன. தட்டு வைக்கும் சத்தம் கேட்டு அவை ஓடிவந்தன. அவற்றுக்குப் பின்னால் மிளகு வந்தது. தன் தட்டைத் தாண்டி நடந்தது. செவலையின் தலையில் ஒரு தட்டுத் தட்டி ஒதுக்கியது. குட்டிகளின் சாப்பாட்டில் வாயை வைத்தது. குட்டிகள் இரண்டும் ஓரமாக உட்கார்ந்து, முதலாளி சாப்பிட்டு முடிக்கட்டும் என்பதுபோலக் காத்திருந்தன. வீட்டுக்காரர் சர்வ சாதாரணமாக இன்னொரு கரண்டி போட்டார்.

"தெனமும் இப்படியா?" என்று கேட்டேன். "கதவு தெறந்த நாள்லருந்து இப்படித்தான். உனக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்" என்றார். மிளகைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு பெரிய பாத்திரத்தில் உட்கார வைத்து, அப்படியே தராசில் வைத்தேன். பாத்திரத்தின் எடையைக் கழித்தால், டாக்டர் சீட்டில் இருந்ததைவிட இருநூறு கிராம் கூடுதல். இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அதே இருநூறு. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டை போட்ட இரண்டு பெட்டியையும் காலால் மிதித்துத் தட்டையாக்கி, பழைய பேப்பரோடு சேர்த்து வைத்தேன். வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த சார்ட்டை நிதானமாக மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டுத் திரும்பினார்: "பன்னண்டு நாளா தட்டத்தான் எடை போட்டுக்கினு இருந்த ரோஸி. பூனைய ஒரு வாட்டி போட்டிருந்தீன்னா, இன்னிக்குக் காலையில எனக்கு இட்லி கெடச்சிருக்கும்."

அளப்பதில் இன்றுவரை என் கை தவறியதில்லை. எதை அளக்க வேண்டும் என்பதைத்தான், தரக்கட்டுப்பாட்டில் ஒரு நாளும் வேலை பார்க்காத ஒருவர் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.