போக ஒன்று, வர ஒன்று

பஞ்ச காலத்துக் குறிப்புகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. கல்வெட்டோ, கலெக்டர் ஆபீஸ் அறிக்கையோ, யாரோ ஒரு கணக்குப்பிள்ளையின் நாட்குறிப்போ, எதுவானாலும் சரி. கஷ்டம் தொடங்கிய நாள் அவற்றில் தெளிவாக இருக்கும். முடிந்த நாள் பெரும்பாலும் இருக்காது. எங்கள் விமான கம்பெனியில் கஷ்டம் தொடங்கியது 2020 மார்ச் கடைசி வாரம். ஊரடங்கில் விமானங்கள் எல்லாம் நின்றன. மே கடைசியில் உள்நாட்டுக்குள் மட்டும் மறுபடி பறக்க அனுமதி கிடைத்தபோது எங்களிடம் விமானிகள் அதிகமாகவும் பயணிகள் குறைவாகவும் இருந்தார்கள்.

நான் அப்போது துணை விமானி. ஆவடிக்கு வெளியே முத்தாபுதுப்பேட்டையில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்து ஒரு வருடம் ஆகவில்லை. என் மனைவி சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவள் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங் பேசுவாள். நான் பால்கனியில் உட்கார்ந்து விமானமே வராத வானத்தைப் பார்ப்பேன்.

ஏப்ரலில் எல்லாருக்கும் சம்பளத்தைக் குறைத்தார்கள். நாங்களாகவே முன்வந்து குறைத்துக்கொள்வதாகச் சம்மதம் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். தெரிவிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவில்லை. ஜூனில் சம்பளமில்லா விடுப்பு வந்தது. வேலையை விட்டு அனுப்புகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. விடுப்பு என்றால் திரும்பி வரும் தேதி ஒன்று வேண்டும் அல்லவா? அந்த மெயில்களில் தொடங்கும் தேதி மட்டும்தான் இருந்தது.

விமானி வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அவனுடைய தகுதியும் கரைந்துகொண்டே போகும். தொண்ணூறு நாளுக்குள் மூன்று முறையாவது தன் கையால் விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். தவறினால் சிமுலேட்டரில் உட்கார்ந்து மறுபடி நிரூபிக்க வேண்டும். அதை ஏற்பாடு செய்யக் கம்பெனி வேண்டும். அதனால் அந்த மாதங்களில் எங்களுக்குள் லேண்டிங் என்பது அரிசி மாதிரி ஆகிவிட்டது.

ஒரு பயணத்தில் இரண்டு விமானிகளும் சேர்ந்து ஓட்டுவதாக வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் ஒருவர்தான் ஓட்டுவார். மற்றவர் ரேடியோவில் பேசுவார், கருவிகளைக் கவனிப்பார். யார் ஓட்டுவது என்பதைக் கேப்டன் சொல்வார். போகும்போது அவர் ஓட்டினால் திரும்பும்போது துணை விமானி ஓட்டுவது வழக்கம். ஜூன் மாதம் என் பேட்ச் நண்பன் ஒருவனுக்கு அவனுடைய கேப்டன் இரண்டையும் கொடுத்தார். இரண்டு நாளில் அவனுக்கு விடுப்பைச் சொல்லும் போன் வந்தது; மெயில் அதற்குப் பிறகுதான் வரும். அந்தக் கேப்டனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, போகிறவனுக்குக் கடைசியாக ஒன்று கூடுதலாகக் கொடுத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டோம். அன்றிலிருந்து எங்களைப் போன்ற இளையவர்களுக்கு அதுவே அறிகுறி ஆயிற்று.

நான் அதிகம் பறந்தது மண்ணூர்பேட்டைக்காரரான ஒரு கேப்டனோடு. அவருடைய அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மிஷின் ஓட்டியவர். காக்பிட்டுக்குள் கேப்டனின் ஆங்கிலம் இஸ்திரி போட்டது போல இருக்கும். வெளியே வந்தால் மண்ணூர்பேட்டைதான். சம்பளக் குறைப்பைப் பற்றி நிர்வாகத்தோடு பேச விமானிகள் அனுப்பிய மூன்று பேரில் அவரும் ஒருவர். வீடியோ கூட்டத்தில் மூத்தவர்கள் முணுமுணுத்தபோது அவர் சொன்னார்: "பெருசுங்க நாம கொஞ்சம் கம்மியா துன்னா, சின்னப் பசங்க ஊட்டுக்குப் போவ வேணாம். இதுல இன்னா யோசன?" மூத்தவர்கள் கூடுதலாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். அப்படியும் விடுப்பு போன்கள் நிற்கவில்லை.

செலவைக் குறைக்கக் கம்பெனி எங்கள் பிக்கப் வண்டியையும் நிறுத்தியிருந்தது. அதனால் நான் பைக்கில் மண்ணூர்பேட்டை போய், அவர் வீட்டில் பைக்கை விட்டுவிட்டு, அவர் காரில் பைபாஸ் வழியாக விமான நிலையம் போவேன். ஜூலை இரண்டாம் வாரம் ஒரு நாள் காலை எஸ்டேட் பக்கம் போலீஸ்காரர் ஒருவர் மறித்தார். மழைக்கோட்டுக்குள் யூனிஃபார்மைப் பார்த்தார். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பைலட்டா?"

"ஆமா சார்."

"இன்னா சார், பிளேன் ஓட்றவரு பல்சர்ல வர்றீங்கோ?"

"இப்போதைக்கு இதுதான் சார் ஓடுது."

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அதைச் சொல்லிக் கேப்டனைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்தேன். காரில் அவர் ரேடியோவைக்கூடப் போடவில்லை. வானகரம் தாண்டியும் பேச்சில்லை.

அன்று கோயம்புத்தூர் போய்த் திரும்ப வேண்டும். புறப்படும் முன் வானிலைத் தாள்களைப் புரட்டியபடி, என்னைப் பார்க்காமல் அவர் சொன்னார்.

"போறதும் நீ ஓட்டு. வர்றதும் நீயே ஓட்டு."

இத்தனை பயணங்களில் இந்த மனிதர் ஒருமுறைகூட வழக்கத்தை மாற்றியதில்லை. பேச்சுவார்த்தையில் உட்கார்ந்தவர். இவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? "சரி சார்" என்றேன்.

கேட்டிருக்கலாம். ஆனால் எங்கே கேட்பது? பத்தாயிரம் அடிக்குக் கீழே விமானத்தைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது. மேலே போனால் பேசலாம், ஆனால் காக்பிட்டில் பேசுவது எல்லாம் பதிவாகும். கம்பெனி விஷயத்தை அங்கே யாரும் வாயில் எடுப்பதில்லை. ஆகவே ரேடியோவில் அவர் பேசினார், நான் ஓட்டினேன். மேகத்துக்கு மேலே உட்கார்ந்து, வீட்டில் இதை எப்படித் தொடங்குவது என்று வாக்கியங்களை அமைத்துப் பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. கோயம்புத்தூரில் ஒழுங்காக இறக்கினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வந்தபோது பிற்பகல். கடற்காற்று தொடங்கிவிட்டதால் மேற்கிலிருந்து நேராக உள்ளே வந்தோம். செம்பரம்பாக்கம் ஏரி அவர் பக்கத்து ஜன்னலில் தெரியும். என் கண் எதிரே தெரிந்த ஓடுபாதை மேல் இருந்தது.

"ஏரில தண்ணி கீது" என்றார்.

அந்த உயரத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதே இல்லை. இது என் கடைசி லேண்டிங் என்றே நினைத்து, அளவுக்கு மீறிக் கவனமாக இறக்கினேன். அதனாலேயே சக்கரம் தடாலென்று தரையில் பட்டது.

கார் நிறுத்துமிடத்தில் அவர் கதவைத் திறக்கும் முன் கேட்டுவிட்டேன்.

"சார், எனக்கு எப்போ போன் வரும்?"

"இன்னா போனு?"

"ரெண்டு லேண்டிங்கையும் எனக்குக் குடுத்துட்டீங்க. அதான்."

அவர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது.

"அட நைனா. அதுக்கா காலைலேர்ந்து மூஞ்சிய அப்டி வெச்சிகினு கீற? அதான் டொம்முனு போட்டியா?"

நான் பையைக் கீழே வைத்தேன்.

"போனு எனக்கு வந்துச்சி. நேத்து சாயங்காலம். வர்ற ஒண்ணாம் தேதிலேர்ந்து நான் லீவு, அதுவரைக்கும் வேற டிரிப்பும் போடல. ஒரு கேப்டன் சம்பளத்துல சின்னப் பசங்க ரெண்டு பேர வெச்சிக்கலாமாம். நாம சொன்ன கணக்குதான், நமக்கே திருப்பிச் சொல்றானுங்கோ."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. பாதி முகத்தை மாஸ்க் மூடியிருந்தும் அவர் அதைப் பார்த்துவிட்டார். உடனே ரோடு பக்கம் திரும்பி, சாவியை விரலில் சுற்றினார்.

"எனுக்கு இன்னொரு லேண்டிங்க வெச்சிகினு இன்னா பண்றது? தொண்ணூறு நாள்ல அதுவும் செத்துப் போவும். உன் கையில இருந்தா உனுக்கு உதவும். அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல."

"நீங்களே ஒண்ணு ஓட்டியிருக்கலாமே சார். கடைசியா."

"அதான் வேணாம்னு உட்டேன். இது கடைசின்னு தெரிஞ்சிகினே எறக்க என்னால ஆவாது. முன்னாடி எறக்குனதுல எதோ ஒண்ணு கடைசியா முடிஞ்சி போச்சி. எதுன்னு தெர்ல, தெர்ஞ்சிக்கவும் வேணாம். ஏறு."

போரூர் வரைக்கும் ரேடியோ பாடியது. மண்ணூர்பேட்டையில் பைக்கை எடுக்கும்போது, "சம்பளம் இன்னும் கொறைப்பானுங்கோ, வாய மூடிகினு இரு" என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "நமக்கு இல்லையே?" என்றாள். இல்லை என்றேன். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். "அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்று கொஞ்சம் கழித்துச் சொன்னாள்.

சம்பளத்தை இன்னும் ஒருமுறை குறைத்தார்கள். பிறகு விமானங்கள் நிறையப் பறந்தன, குறைத்தது மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. விடுப்பில் போன இளையவர்களில் சிலரைக் கூப்பிட்டார்கள், என் பேட்ச் நண்பனையும். மண்ணூர்பேட்டைக் கேப்டனைக் கூப்பிடவில்லை. வேறு கம்பெனிகளில் முயன்றார். வயதைக் கேட்டார்கள், கடைசியாக எப்போது பறந்தீர்கள் என்று கேட்டார்கள். இப்போது எஸ்டேட்டில் அவருடைய அண்ணனின் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார்.

போன ஆயுத பூஜைக்குக் கூப்பிட்டிருந்தார். லேத் மிஷின்களுக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டியிருந்தது. பொரியும் கடலையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நான் கேப்டன் ஆகியிருந்தேன்.

"கூட வர்றவனுக்கு எப்டிக் குடுக்கற?"

"போக ஒண்ணு, வர ஒண்ணு சார்."

"ஆங். அப்டியே வெச்சிக்க."

தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. பட்டறை ஆட்கள் யாரும் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை, பூசணிக்காயை எங்கே உடைப்பது என்று ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய கடைசி லேண்டிங் எது என்று எனக்குத் தெரியும். வலது பக்க இருக்கையில் இருந்தது நான்தான். கோயம்புத்தூருக்கு முந்தின வாரம், புதன்கிழமை, மதுரை. போகும் முறை அவருடையது. லேசான தூறல். சக்கரம் பட்டதே தெரியவில்லை. நான் நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. திரும்பும் முறை என்னுடையது என்பதால், அடுத்த வேலையை ஆரம்பித்துவிட்டோம்.