நடைவீட்டுப் பிள்ளை

பெத்தானியாபுரத்தில் காளை என்பவர் கட்டிய வீட்டை அவர் மக்கள் பாகம் பிரித்தபோது, மூத்தவன் வெள்ளைத்துரைக்குக் கூடமும் இரண்டு அறையும் அடுப்படியும் மொட்டை மாடியும் வந்தன. இளையவன் சிவக்குமாருக்கு நடை வந்தது. நடை என்றால் தெருவாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் செருப்பை விடவும் குடையை மாட்டவும் ஒரு இடம் இருக்குமே, அதுதான். கருமாத்தூரிலிருந்து வந்து பாகத்தைப் பேசி முடித்த சித்தப்பா முத்திருளன், "சின்னவனுக்குத் தெருவாசலே போகுதுப்பா. அந்த மதிப்பு யாருக்கு வரும்?" என்று சொல்லிவிட்டு, மூத்தவன் வீட்டில் கறிச்சோறு தின்றுவிட்டுப் போனார். சிவக்குமார் அந்த மதிப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

மதுரை பஸ் ஸ்டாண்டை மாட்டுத்தாவணிக்குக் கொண்டுபோன வருஷம் அவனைக் கட்டிக்கொண்டு வந்த தமிழ்ச்செல்விக்கு, கல்யாணத்தன்று வீட்டைப் பார்த்தபோது ஒன்றும் தோன்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப் போனாள். "இதுதான் நம்ம வீடு" என்று சிவக்குமார் காலடியைக் காட்டினான். அவள் செருப்பை மறுபடி மாட்டிக்கொள்ளலாமா என்று யோசித்ததைப் பிற்பாடு யாரிடமும் மறைக்கவில்லை.

இரண்டு கையையும் விரித்தால் இரு பக்கச் சுவரும் விரலில் இடிக்கும். ஒரு பக்கச் சுவரோரம் டிரங்குப் பெட்டி, அடுப்பு, தண்ணீர்க்குடம். மீதி இருப்பது பாதை. பாதை என்று சொல்வது சும்மா இல்லை. பாகப்பத்திரத்திலேயே மூத்தவன் குடும்பத்துக்கு நடை வழியாகப் போக வர உரிமை உண்டு. ஆனால் சின்னவன் குடும்பத்துக்குக் கூடம் வழியாகப் போக உரிமை கிடையாது. குழாயும் கக்கூஸும் பக்கத்துச் சந்தின் கடைசியில் இருந்தன. செல்வி குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிச் சுற்றிப் போக வேண்டும். வெள்ளைத்துரையோ தன் டிவிஎஸ் ஐம்பதை அவள் அடுப்புக்கும் பாய்க்கும் நடுவே உருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போவார். தெருவில் விட்டால் களவு போய்விடுமாம். போகிற போக்கில் சக்கரத்துச் சேற்றையும் கொஞ்சம் பாகம் வைத்துவிட்டுப் போவார்.

வெள்ளைத்துரை மனை வாங்கி விற்கும் புரோக்கர். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பொட்டல்காட்டில் கல் நட்டு, அதற்கு நகர் என்று பெயர் வைத்து, வருகிறவர்களிடம் "காத்தோட்டம், வெளிச்சம், நாலு பக்கமும் வாசல்" என்று அளப்பார். அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு வெளியே வருகிற ஆட்கள் செல்வியின் சோற்றுப்பானையைச் சுற்றிக் காலை வைத்துப் போவார்கள்.

அபிநயா பிறந்து, ஐந்தாம் மாதம் தாய்வீட்டிலிருந்து பிள்ளையோடு திரும்பியபோதுதான் செல்விக்கு வீட்டின் முழு லட்சணமும் தெரிந்தது. உத்தரத்தில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டாள். தொட்டில் நட்டநடுப்பாதையில் தொங்கியது. போகிறவர்கள் எல்லாரும் கதவைத் தள்ளுவது போலப் பிள்ளையைத் தள்ளிவிட்டுப் போனார்கள். பிள்ளை தூங்கியபாடில்லை. பாலூட்டுவதென்றால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். அப்போதும் யாராவது ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் நின்று, வெள்ளைத்துரை இருக்கிறாரா என்று கேட்பார். இதையெல்லாம் அவள் புருசனிடம் சொன்னால், கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் வார்க்கிற கம்பெனியில் எட்டு மணி நேரம் வெந்துவிட்டு வருகிற அந்த உத்தமன், "அண்ணன்தானே" என்பான். எதைச் சொன்னாலும் அவனிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

வெள்ளைத்துரையின் பெண்டாட்டி பாண்டியம்மாளுக்கோ வேறு வருத்தம். மூத்திரத்துணி காய்கிற வாசலில் நாலு பெரிய மனிதர்கள் எப்படி நுழைவார்கள் என்பது அவள் கேள்வி. ஒரு நாள் கூடத்து நிலைப்படியில் சாய்ந்து நின்று, பாயில் கிடந்த பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன செல்வி, பிள்ள வளரவே காணாம்? எப்படி வளரும்? அம்புட்டுப் பேரும் தாண்டித் தாண்டிப் போறாக. தாண்டுனா திரும்பத் தாண்டணும், இல்லாட்டி பிள்ள குட்டையாத்தான் நிக்கும். எம்பிள்ளைகள நான் ஒரு ஈ தாண்ட விட்டதில்ல."

அக்கறையில் சொன்னதல்ல. உன் வீட்டின் அழகு இதுதான் என்று குத்திக்காட்டச் சொன்னது. செல்வி "சரிக்கா" என்றாள். பாண்டியம்மாள் அப்போதே பயந்திருக்க வேண்டும். செல்வி சரி என்று சொல்கிற ஆள் இல்லை.

மறுநாள் காலை தொட்டிலை அவிழ்த்து மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். பாதையின் அகலத்துக்குப் பாயை விரித்து, பிள்ளைக்குப் பால் கொடுத்து, குறுக்கே படுக்கவைத்தாள். வெள்ளைத்துரை வெள்ளைச் சட்டையும் அக்குளில் பையுமாக வந்தார். பத்திரப்பதிவுக்கு ஆள் தெருவில் காத்திருந்தது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளையைத் தாண்டி வாசலில் கால் வைத்தார்.

"மாமா, பிள்ளையத் தாண்டிட்டீக" என்றாள் செல்வி, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. "திரும்பத் தாண்டிருங்க. அக்காதான் சொன்னாக."

வெள்ளைத்துரை சகுனத்துக்கு அடிமை. வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டார். கூடத்திலிருந்து பாண்டியம்மாள் வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பத் தாண்டினார். தாண்டிய பிறகுதான் தான் மறுபடி வீட்டுக்குள் நிற்பது அவருக்கு உறைத்தது. ஊரெல்லாம் அளந்து விற்கிற மனுசனுக்கு, அந்தச் சின்னக் கணக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஏத்தா, இப்ப நான் எப்படிப் போறது?"

"பிள்ள இப்பத்தான் மாமா அசந்துச்சு. முழிக்கட்டும், தூக்கிக்கிறேன்."

பிள்ளை நிதானமாகத் தூங்கி எழுந்தது. அதற்குள் தெருவில் காத்திருந்த ஆள் சலித்துப் போய்விட்டான்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. பாண்டியம்மாள் பூ வாங்கப் போனாலும், ரேஷனுக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும் ஒரு தாண்டு, ஒரு திரும்பத் தாண்டு, பிறகு காத்திருப்பு. செல்வி ஒரு நாளும் சத்தம் போடவில்லை, சண்டைக்கு நிற்கவில்லை. மரியாதை குறையாமல் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டாள். பாண்டியம்மாள் ஒரு முறை தானே குனிந்து பிள்ளையைத் தூக்கப் போக, அபிநயா கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். வண்டியைத் தூக்கிக்கொண்டு தாண்ட முடியாது என்பதால் அது தெருவிலேயே நின்றது. அடுத்த வாரம் யாரோ பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு போனார்கள். மனை பார்க்க வந்த காலேஜ் வாத்தியார் ஒருவர் இரண்டு தரம் தாண்டிவிட்டு, உங்கள் வீட்டுக்கே ஒழுங்காக வழியில்லையே, நீங்கள் காட்டுகிற மனைக்கு எப்படி வழி இருக்கும் என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினார்.

சிவக்குமாருக்கும் விலக்கு இல்லை. வேலை முடிந்து பசியோடு வந்தவன் பழக்கதோசத்தில் மகளைத் தாண்டிவிட்டான். வாசலுக்குத் திருப்பி அனுப்பினாள். அண்ணனையே நிறுத்தியவள் தன்னையும் நிறுத்துவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லைபோல. வாசற்படியில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்தபடி சோறு தின்றான். தனக்கு வந்த பாகம் எது என்று அன்றைக்குத்தான் அவன் சரியாகப் பார்த்திருப்பான்.

வெள்ளைத்துரை தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, பெண்டாட்டியை அடக்கி வை என்றார். சிவக்குமார் தலையைச் சொறிந்தான். அண்ணன்தானே என்று சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டு, "பிள்ள வளராமப் போனா என்னண்ணே செய்யறது?" என்றான். நிஜமாகவே பயந்து கேட்டானா, பெண்டாட்டி பக்கம் சாய்ந்தானா என்பது செல்விக்கே தெரியவில்லை. எதுவானாலும் அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான சொல் அது என்று அவள் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

வேறு வழியில்லாமல் சித்தப்பா முத்திருளனை வரவழைத்தார்கள். அவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நியாயம் சொல்கிற நடையோடு வந்தார். வந்த வேகத்தில் பிள்ளையைத் தாண்டினார். செல்வி எழுந்து நின்று கும்பிட்டு, வாங்க மாமா என்று வரவேற்று, திரும்பத் தாண்டச் சொன்னாள். பெரியவர் வாசலுக்கு வெளியே போய் நின்றார். கூடத்தில் அவருக்காக விரித்த ஜமுக்காளமும், அடுப்பில் கொதித்த கறிக்குழம்பும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் இருந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது.

"பிள்ளையக் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதாத்தா?" என்றார்.

"எங்கிட்டு மாமா தள்ளிப் போட? நீங்க அளந்து குடுத்த இடம்தானே. எங்க இடம் இருக்குன்னு நீங்களே காட்டுங்க, போடுறேன்."

தெருவில் நின்றபடி அவர் உள்ளே பார்த்தார். டிரங்குப் பெட்டியையும் அடுப்பையும் குடத்தையும் பார்த்தார். கையைத் தூக்கி எங்கேயோ காட்டப் போய், கீழே போட்டுக்கொண்டார். கடைசியில் தெருவிலிருந்தே உரக்கத் தீர்ப்புச் சொன்னார்: மூத்தவன் சந்துப் பக்கம் சுவரை உடைத்துத் தனி வாசல் வைத்துக்கொள்ளட்டும், நடை சின்னவனுக்கு மட்டும். வெள்ளைத்துரை குதித்தார். அது தெற்கு பார்த்த வாசல், சாக்கடை ஓரம், மனை கேட்கிற கட்சிக்காரன் எவனும் வரமாட்டான் என்றார். பாண்டியம்மாள்தான் அவரை அடக்கினாள். தினமும் தாண்டித் தாண்டி அவளுக்கு முழங்கால் விட்டுப்போயிருந்தது.

கொத்தனார் வந்தார். சந்துப் பக்கம் சுவர் உடைந்தது. கூடத்துக்கும் நடைக்கும் நடுவே இருந்த நிலையில் செங்கல் ஏறியது. பூச்சு காயும்வரை செல்வி தெருவில் பிள்ளையோடு நின்று, கொத்தனார் எங்கேயாவது ஓட்டை விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் சிவக்குமார் அவளிடம் மெதுவாகக் கேட்டான், தாண்டினால் வளராது என்பதை நிஜமாகவே நம்புகிறாளா என்று.

"எங்க ஊருல ஆடு மாடு கோழி எல்லாம் என்னத் தாண்டித்தான் போச்சு" என்றாள் செல்வி. அவனைவிட அவள் நாலு விரல் உயரம்.

வீடு ஒன்றும் பெரிதாகிவிடவில்லை. முன்பிருந்த அதே அகலம்தான். அபிநயா தவழ ஆரம்பித்ததும் மூன்றாவது எட்டில் குடத்தில் முட்டினாள், திரும்பினால் பெட்டியில் முட்டினாள். வெள்ளைத்துரை சந்துவாசலில் நிலைக்கு மேலே பெரிய திருஷ்டிப் பொம்மை மாட்டினார். வருகிறவர்களிடம், காற்றுக்காகத்தான் வாசலை இந்தப் பக்கம் மாற்றினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்கள்.

செங்கல் வைத்த மறுநாள், காலை ஷிப்டு முடிந்து வந்த சிவக்குமார் தெருக்கதவைத் தள்ளினான். திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து பகலில் சாத்தியே பார்த்திராத கதவு அது. களவு கிளவு போய்விட்டதோ என்று பதறித் தட்டினான்.

உள்ளே செல்வி கதவுக்கு நேராக, முந்தானையைப் போர்த்தாமல், காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு?" என்றாள்.

"நாந்தான்."

"பிள்ள குடிக்குது. நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் அவசரப்படாமல் பிள்ளையை அடுத்த பக்கம் மாற்றிக்கொண்டாள்.