பத்துக் கட்டம் போட்ட ரோஸ் அட்டை

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், பளபளக்கும் விளம்பரத் தாள்களுக்கு அடியில், ஒரு ரோஸ் நிற அட்டை பல வருஷங்களாகக் கிடந்தது. கல்யாணப் பத்திரிகை அடித்து மிஞ்சிய அட்டையை வெட்டிச் செய்தது. ஓரத்தில் பாதி மாவிலைத் தோரணம் இன்னும் தெரியும். ஒரு பக்கம் பத்துக் கட்டங்கள். ஒன்பதில் சிதம்பரத்து லாட்ஜ் ஒன்றின் சீல், ஊதா மையில். பத்தாவது காலி. போன மார்கழியில், புதுச்சேரியில் நான் வேலை பார்க்கும் பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசைக்கு ஒருவர் வந்தார். கையில் இரண்டு கிரெடிட் கார்டுகளின் விளம்பரத் தாள். "மேடம், மாசத்துல பாதி நாள் வெளியூர்ல கெடக்குறவனுக்கு இதுல எது நல்லது?" என்று கேட்டார். மூன்றாவதாக ஒன்றைக் காட்டலாம் என்று இழுப்பறையைத் திறந்தேன். தாளோடு ஒட்டிக்கொண்டு ரோஸ் அட்டையும் மேசைக்கு வந்துவிட்டது. அவர் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்த்தார். "இது எந்த பேங்க் கார்டு?" என்றார்.

அவருடைய கேள்விக்குப் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு. ஹோட்டல் கம்பெனியும் பேங்க்கும் கூட்டுச் சேர்ந்து ஒரு கிரெடிட் கார்டு கொடுக்கும். அதைத் தேய்க்கத் தேய்க்கப் பாயிண்ட் ஏறும், பாயிண்ட் சேர்ந்தால் ஹோட்டலில் இலவசமாகத் தங்கலாம். ஒரு கார்டுக்கு வருஷச் சந்தா உண்டு, பதிலுக்கு வருஷத்தில் ஓர் இரவு இலவசம். இன்னொன்றுக்குச் சந்தா இல்லை, பாயிண்ட் மட்டும் ஆமை வேகத்தில் ஏறும். மூன்றாவதில் காலைச் சாப்பாடு சும்மா. எது யாருக்கு ஒத்துவரும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். இதற்கென்று ஹோட்டலில் மூன்று நாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். அதில் குளிர்சாதனம் நன்றாக இருந்தது. கார்டுகளை ஒப்பிடுவது எப்படி என்பதை நான் அதற்கு முன்பே சிதம்பரத்தில், இருபது ரூம் உள்ள ஒரு லாட்ஜில், என் மேனேஜர் ஒரு மத்தியானம் செய்த அமர்க்களத்தில் பார்த்துவிட்டேன்.

அப்போது நான் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். எங்கள் பங்குக் கோயிலில், அதாவது சர்ச்சில், காலைப் பூசை முடிவதற்குள் நைசாக வெளியே வந்தால்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கொஞ்சம் என்பது நான் சொல்வது, மேனேஜரைக் கேட்டால் வேறு சொல்வார். அவர் ஒல்லி, உயரம். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சீல் குத்துவதற்கு முன் அதை வாயருகே கொண்டுபோய் "ஹா" என்று ஊதுவார், ஏனென்றால் பேடில் மை ஊற்றுவது அவருக்கு வீண் செலவு. பொடி எழுத்தில் எது அச்சாகியிருந்தாலும் படிக்காமல் விடமாட்டார். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், இருமல் மருந்துச் சீட்டு, தீப்பெட்டி, எல்லாம் உரக்கப் படிக்கப்படும். "எழுத்து சின்னதாவ ஆவ, திருட்டுத்தனம் பெருசாவுதும்மா" என்பார். நிபந்தனை என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு ஆகாது.

எங்கள் லாட்ஜுக்கு மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து ஒருவர் வருவார். பம்புசெட் கம்பெனிக்காரர். திட்டக்குடி, மங்கலம்பேட்டை, கம்மாபுரம் என்று டீலர்களைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்து தங்குவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பாயிண்ட் சார். அவர் பர்ஸில் இரண்டு ஹோட்டல் கார்டுகள் இருந்தன. அந்த ஹோட்டல்கள் எதற்கும் அவர் போகிற வழியில் ஒரு சுவர்கூடக் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சாவி வாங்கும்போது, "ஒங்க லாட்ஜுல பாயிண்ட் உண்டா?" என்று கேட்பார். நான் ஒருமுறை, "கொசு உண்டு சார், எத்தன வேணும்?" என்று கேட்டு மேனேஜரிடம் திட்டு வாங்கினேன்.

ஒரு வைகாசி மத்தியானம் அவர் முகம் தொங்கிப்போய் வந்தார். முதல் கார்டில் கிடைத்த இலவச இரவு, பயன்படுத்தாமலேயே முந்தின வாரம் காலாவதியாகிவிட்டதாம். அடுத்த வருஷம் எந்தக் கார்டை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று புலம்பினார். மேனேஜர் கண்ணாடியை மாட்டினார். பழைய வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நடுவில் கோடு போட்டார். இரண்டு கார்டுகளின் விதிமுறைப் புத்தகங்களையும் வாங்கி, சாமி கும்பிடுகிற பக்தியோடு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

"மொதல்ல இத சொல்லுங்க. இவுங்க ஹோட்டலு எந்தெந்த ஊர்ல இருக்குது?"

"சென்னை, பெங்களூரு, கோவா..."

"சென்னையில ஒங்களுக்கு வீடு இருக்குது. கோவாவுல மோட்டார் விக்கிறீங்களா?"

எந்த நாளில் ரூம் கொடுக்கமாட்டான் என்பது மேனேஜரின் இரண்டாவது கேள்வி. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பட்டியல் இருந்தது. "பொங்கலுக்குக் கெடையாது, தீபாவளிக்குக் கெடையாது, லீவு நாள்ல கெடையாது. ஊரே கெளம்புற நாள்ல இல்லன்னுட்டு, நாயி கூட போவாத நாள்ல வா வான்றான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து என்ன தகராறு என்று விசாரித்தார். இலவச இரவு எப்போது செத்துப்போகும் என்பது மூன்றாவது கேள்வி. அதற்குப் பாயிண்ட் சாரே சாட்சி. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு மேனேஜர் தீர்ப்பு சொன்னார்: சந்தா இல்லாதது பர்ஸில் சும்மா கிடக்கட்டும், மற்றதை விட்டுவிடலாம். பாயிண்ட் சார் அப்படியே செய்தார். விவகாரம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. மறுநாள் காலை மேனேஜர், "நாமளே ஒன்னு போடுவோம்மா. பத்து ராத்திரி தங்குனா ஒரு ராத்திரி சும்மா. எப்ப வேணும்னாலும் வரட்டும். நிபந்தனயே கெடையாது" என்றார். முதலாளிக்கு இதில் பாதிதான் சம்மதம். அவர் அரிசி மண்டி வைத்திருந்தவர், சும்மா என்ற சொல் அவர் கடையில் புழங்காதது. "செய்யிங்க. ஆனா கார்டோட வந்தவன் ஒருத்தன் நம்ம வாசல்ல நின்னு ஏமாத்திட்டீங்கன்னு சத்தம் போட்டான்னா, மறுநாள்லேருந்து நீங்க வர வேணாம்" என்றார். மேனேஜரின் மகன் அப்போது காலேஜில் கடைசி வருஷம். விளையாட்டுப் பேச்சில்லை என்று எனக்குத் தெரிந்தது. மேனேஜர் மட்டும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஆனித் திருமஞ்சனத்துக்கு நடராஜர் கோயிலில் கொடி ஏறிய அன்று அட்டையைக் கொடுக்க ஆரம்பித்தோம். பின்பக்கம் கொட்டை எழுத்தில், "நிபந்தனை இல்லை. காலாவதி இல்லை." எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் அங்கே தங்குகிற ஆள் இல்லையே என்றேன். "வம்பு பண்ற கஸ்டமர் ஒருத்தர நீ வாயத் தொறக்காம பொறுத்துக்கிட்டா ஒரு சீலு. பத்தும் நெறஞ்சா ஒனக்கும் ரூமு" என்றார். நான்கு வருஷத்தில் ஒன்பது சீல் வாங்கினேன் என்பதிலிருந்து என் பொறுமையின் அளவு உங்களுக்கு விளங்கும்.

கோயிலுக்குப் பத்து நாள் உற்சவம். எங்கள் அட்டைக்குப் பத்துக் கட்டம். கொடியேற்றத்துக்கு வந்து தரிசனம் வரை தங்குகிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே உற்சவத்தில் அட்டை நிரம்பிவிடும் என்பது, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மேனேஜருக்குத் தோன்றவில்லை. நான் அன்றைக்கே எச்சரித்தேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். எனக்கும் தோன்றவில்லை. பதினான்கு அட்டைகள் நிரம்பின. வியாபாரம் பிரமாதம் என்று நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாதாம் பால் குடித்துக் கொண்டாடினோம்.

கார்த்திகையில் போன் வர ஆரம்பித்தது. முதலில் கரூரிலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மார்கழித் திருவாதிரைத் தேருக்கு முந்தின நாள் வேண்டும் என்றார். நாட்காட்டியில் அந்தத் தேதிக் கட்டத்தில் அவர் ஊரை எழுதினேன். பிறகு சேலம், அதே தேதி. தஞ்சாவூர், அதே தேதி. எழுத்து கட்டத்தை விட்டு வழிந்து அடுத்தடுத்த நாட்களுக்கெல்லாம் ஓடியது. விஷயம் இதுதான்: மார்கழித் தேருக்கு எங்கள் லாட்ஜில் வெளியாளுக்கு இடமே கிடைக்காது, இருபது ரூமையும் முதலாளியின் மண்டி உறவுகள் வருஷக்கணக்காகப் பிடித்து வைத்திருந்தார்கள். ஆனிக்கு வருகிறவர்களுக்கு அதில் ரொம்ப நாளாகவே ஓர் ஏக்கம். கையில் நிபந்தனை இல்லாத அட்டை கிடைத்தால் வேறு எந்த நாளைக் கேட்பார்கள்? "அன்னைக்கு மட்டும் கெடையாதுன்னு சொல்லிடலாம் சார்" என்றேன். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில், நான் பொடி எழுத்துக்காரர்களின் கட்சியில் சேர்ந்துவிட்டது புரிந்தது. "சொன்னது சொன்னதும்மா. அத்தன பேரையும் வரச் சொல்லு" என்றார்.

தேருக்கு முந்தின நாள் காலையிலிருந்தே வந்து இறங்கினார்கள். மேனேஜர் லாட்ஜ் வாசலில் யாரையும் நிற்கவே விடவில்லை. ஆட்டோ நின்றதுமே ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "ஒங்களுக்கு ஸ்பெஷல் எடம்" என்று வடக்கு வீதிச் சந்திலிருந்த தன் வீட்டுக்கு நடத்திப் போனார். இரண்டு ரூம், ஒரு கூடம் உள்ள வீட்டில் ஒன்பது அட்டைக்காரர்கள் குடும்பத்தோடு ஏறினார்கள். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்கா சண்டை போடவில்லை. "வாக்கு ஒங்களுது, டம்ளரும் ஒங்களுது" என்று சொல்லிவிட்டுக் காப்பி மட்டும் போட்டார். அத்தனை டம்ளரையும் மேனேஜர் பின்கட்டுக் குழாயடியில் குந்தித் தேய்த்தார்.

இன்னும் ஐந்து அட்டைகள் பாக்கி. வேட்டியில் கையைத் துடைத்தபடி வந்த மேனேஜர், "மொதலாளி வீட்டு மாடி காலியாத்தான இருக்குது?" என்று என்னைக் கேட்டார். முதலாளி அன்று காலை கம்மாபுரத்துக்கு நெல் பார்க்கப் போயிருந்தார். அவர் அம்மாவிடம் லாட்ஜ் விருந்தாளிகள் என்று சொல்லி, ஐந்து குடும்பத்தையும் மாடி ஏற்றிவிட்டு வந்தோம். மத்தியானம் முதலாளி வீடு திரும்பியபோது, அவருடைய மாடிப்படியில் பனியனோடு உட்கார்ந்து கரூர் வாத்தியார் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். முதலாளியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லாட்ஜ் ஆளாப்பா? சக்கர கம்மியா ரெண்டு காப்பி" என்றாராம். முதலாளி நிஜமாகவே உள்ளே சென்று காப்பி கொண்டுவந்து கொடுத்ததை அவர் அம்மாவே பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

சாயங்காலம் முதலாளி லாட்ஜுக்கு வந்த வேகத்தில், மேனேஜர் தன் பேனாக்களைச் சட்டைப் பையில் எடுத்துச் சொருகிக்கொண்டார். கிளம்பத் தயார் என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே கரூர் வாத்தியார் வந்து நின்றார். காப்பி கொடுத்தவர் யார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. மண்டி உறவுகள் அத்தனை பேர் முன்னாலும் கைகூப்பி, "மொதலாளியே காப்பி எடுத்தாந்து குடுக்குற லாட்ஜ நான் எங்கயும் பாத்ததில்லீங்க!" என்றார். வாசலில் ஒருத்தன் நின்று சத்தம் போட்டான், ஆனால் பாராட்டி. முதலாளி என்ன செய்வார், பாவம். மேனேஜர் பேனாக்களைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

ஊருக்குக் கிளம்பும்போது வாத்தியார் தன் அட்டையைத் திருப்பிக் கேட்டார். அது முடிந்துபோனது என்றேன். "ஒரு தடவதான்னு எங்க போட்டிருக்கு?" என்றார். மேனேஜர் அட்டையை முன்னும் பின்னும் புரட்டினார். எங்கும் போட்டிருக்கவில்லை. எழுதியவரே அவர்தான். மறுபேச்சில்லாமல் அவருக்கும் மற்றவர்களுக்கும் திருப்பிக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். ஒரு நிபந்தனையாவது போடச் சொல்லி முதலாளி பிடிவாதம் பிடித்ததால், அன்றைக்கே புது ரப்பர் சீல் செய்து, என்னுடையது உட்பட எல்லா அட்டையின் பின்னாலும் குத்தினார்: "திருவாதிரைக்கு லாட்ஜில் இடம் இல்லையென்றால் மேனேஜர் வீடு." அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. அடுத்த ஆனிக்கு முன்பே முதலாளி திட்டத்தை நிறுத்திவிட்டார். மேனேஜர் எனக்கு மட்டும் சீல் குத்திக்கொண்டிருந்தார். ஒன்பதாவதோடு நான் புதுச்சேரிக்கு வேலை மாறிவிட்டேன்.

போன மார்கழியில் அட்டையைக் கண்டெடுத்த அன்று, அந்த வாடிக்கையாளரிடம் நான் அதே மூன்று கேள்விகளைக் கேட்டேன். அவர் எந்தக் கார்டும் வாங்காமல் நன்றி சொல்லிவிட்டுப் போனார். என் மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. நான் அவரிடமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தேருக்கு முந்தின நாள் வீட்டுக்காரரோடு சிதம்பரம் போனேன். லாட்ஜில் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். மேசையில் இருந்த பெண் அட்டையைப் பார்த்து, "ஆன்லைன்ல புக் பண்ணீங்களா?" என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், நானும் தினமும் அதைத்தான் கேட்கிறேன். அங்கிருந்து வடக்கு வீதிச் சந்துக்கு நடந்தோம்.

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கூடத்தில் பாய்கள், பெட்டிகள், களி வாசனை. தாத்தாக்கள் பாட்டிகள் பேரன் பேத்திகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் ஓரமாகச் சாய்ந்திருந்தவரை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது, கரூர் வாத்தியார். திட்டம் நின்று இத்தனை வருஷம் ஆகியும் அவர்கள் ஒரு திருவாதிரைகூட விடவில்லை. மேனேஜர் பின்கட்டில் டம்ளர் தேய்த்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. கண்ணாடிக்கயிறு மட்டும் அதேதான்.

"வாய்க்காரியா? வா, வா." கையைத் துடைத்துக்கொண்டு என் அட்டையை வாங்கினார். "நான் ரிட்டயரு ஆயிட்டேன். இது இப்ப மேனேஜர் வீடு கெடையாது" என்றார். அடுப்படியிலிருந்து அக்கா, "அத கூடத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லுங்க பாப்போம்" என்றார். அவர் அதைக் காதில் வாங்காமல் கட்டங்களை எண்ணினார். "ஒம்பதுதான இருக்குது? பத்துன்னு போட்டிருக்குது." பிறகு என் புது வேலையைப் பற்றித் தொடங்கினார். பொடி எழுத்துக்காரனிடம் போய்ச் சேர்ந்துவிட்டேனாம், ஊரை ஏமாற்றுகிற கார்டை விற்கிறேனாம், என் புத்தி எங்கே போயிற்றாம். அரை மணி நேரம் விடாமல் திட்டினார். நாக்கு நுனிவரை பதில் வந்தது. ஆனால் டம்ளர் தேய்த்த அவர் கையும் ஆட்கள் நிறைந்த அந்தக் கூடமும் என்னை எதுவும் சொல்லவிடவில்லை. அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நான் வாயைத் திறக்காமல் நிற்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் பயந்தே போனார்.

திட்டி முடித்ததும் மேனேஜர் சாமி மாடத்திலிருந்து பழைய சீலை எடுத்து வந்தார். வாயருகே கொண்டுபோய் "ஹா" என்று ஊதி, பத்தாவது கட்டத்தில் அழுத்திக் குத்தினார். "என்னையே பொறுத்துக்கிட்டியே, இதுக்கு மேல என்னா வம்பு இருக்குது?" என்றார்.

அக்கா எங்களுக்குப் பாய் விரிக்க, எல்லோரும் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்கள். வாத்தியார் என் கையிலிருந்த அட்டையை வாங்கி, மை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பத்தரமா வச்சுக்கம்மா. அடுத்த வருஷத்துக்கு வேணும்."