என் மகள் குழப்படியா, இல்லையா?

என் மகள் வகுப்பில் குறும்பு, குழப்படி செய்கிறாளா, இல்லையா? இரண்டாம் தவணையும் பாதி போய்விட்டது. எனக்கு இன்னும் தெரியாது.

அவளைக் கேட்டுப் பயனில்லை. மெல்பனில் பிரெப் எனும் பள்ளியின் முதல் வகுப்பில் படிக்கும் ஐந்து வயதுக்காரி. "ஸ்கூல் எப்பிடிப் போச்சு?" என்றால் "குட்" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் வராது. ஆசிரியர்கள் சொன்னால்தான் உண்டு. அந்த வழியையும் நானே அடைத்துவிட்டேன் போலிருக்கிறது.

சென்ற தவணை ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பல நாட்டுக் குடும்பங்களோடு பேசிப் பழகுவதற்கு, ஆசிரியராகப் படிப்பவர்களுக்கு அம்மாமார் சிலர் தேவை என்று மகளின் பள்ளி கேட்டிருந்தது. பள்ளி கேட்டால் எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. பக்கத்து வீட்டு அக்காவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

என் முன்னால் ஓர் உயரமான இளைஞர் அமர்ந்தார். பயிற்சிக்காக எனக்கு ஒரு கற்பனை மகள். அவர் அவளுடைய ஆசிரியர். முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குப் படிப்பித்திருந்தார்கள்.

"உங்கள் மகள் அழகாக வாசிக்கிறாள்."

"ஐயோ, வீட்டில் புத்தகத்தைத் தொடவே மாட்டாள்."

"எல்லோருக்கும் உதவி செய்கிறாள்."

"எங்கே? விளையாட்டுச் சாமானைக்கூட எடுத்து வைக்கமாட்டாள்."

"அமைதியான பிள்ளை..."

"அவளா? சரியான குழப்படி!" இதை மட்டும் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு விளக்கினேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. உதவிக்கு விரிவுரையாளரைத் தேடினார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பெடியன் பாவமடி! விசயத்தைச் சொல்லன்."

சொன்னேன். எங்கள் பிள்ளையைப் பிறர் புகழ்ந்தால் ஓம் என்று ஒத்துக்கொள்ளமாட்டோம், கண்ணூறு பட்டுவிடும். உடனே ஒரு குறையைச் சொல்லித் தட்டிவிடுவோம். குறை கூடக்கூடப் பிள்ளை கெட்டிக்காரி என்று விளங்கிக்கொள்ள வேண்டும். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் மிகக் கவனமாகத் தலையாட்டினார். வீடு வரும்வரை எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்தத் தவணை அவர் பயிற்சிக்கு வந்தது என் மகளின் வகுப்புக்கே. முதல் கிழமை, பள்ளி விட்டதும் அவளை வாசலுக்குக் கூட்டிவந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"சரியான குழப்படி!" என்றார், சுத்தத் தமிழில்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சட்டையில் ஒரு தங்க நட்சத்திர ஸ்டிக்கர். தலைமயிரில் ஒரு கட்டிப் பசை. நான் "தாங்க் யூ" என்றேன். வேறென்ன சொல்ல?

"நேரா கேளுமன்," என்றார் வீட்டில் கதையைக் கேட்ட கணவர்.

"எப்பிடி? அவர் எங்கட முறையில புகழ்ந்திருந்தா? நான் படிப்பிச்சதை நானே நம்பேல்லை எண்டெல்லோ ஆகும்."

"அப்ப கிளாஸ் டீச்சரைக் கேளும்."

"அவதான் அவருக்கு மார்க்ஸ் போடுறா. பிள்ளையைக் குழப்படி எண்டு வாசல்ல வச்சுச் சொன்னவர் எண்டு தெரிஞ்சா?"

"நல்லாப் படிப்பிச்சிருக்கிறீர்," என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் போடப் போய்விட்டார்.

அடுத்த கிழமை பெற்றோர் சந்திப்பு. ஆசிரியையும் இருப்பார், பயிற்சிக்கு வந்தவரும் இருப்பார். பிள்ளை வளர்த்து அனுபவப்பட்டவர்களே, அந்த இளைஞரை மாட்டிவிடாமல் உண்மையை எப்படிக் கேட்டறிவது என்று சொல்லுங்கள். ஒருவேளை இருவரும் சேர்ந்து அவளைப் புகழ்ந்துவிட்டால், நான் எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது என்பதையும் சொல்லுங்கள்.